புரண்டு படுத்தால் வீடு சுற்றுகிறது, கழுத்தும் பிடிக்கிறது

கேள்வி:

"டாக்டரம்மாவுக்கு வணக்கம். பாலக்கோடு பக்கம் எங்க கிராமம். வயசு 47. பட்டுப்புழு வளர்க்கறோம். எட்டு வருஷமா எனக்கு முடக்குவாதம். சேலத்துல வாத டாக்டர்கிட்ட மாசாமாசம் காட்டறேன். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், மறுநாள் ஃபோலிக் ஆசிட், தினமும் காலையில ஸ்டீராய்டு மாத்திரை 5 மில்லிகிராம் போடறேன். ரெண்டு மாசத்துக்கு முந்தி விடியக்காலம் வலது பக்கம் புரண்டு படுத்தேன், வீடே சுத்திடுச்சு. அரை நிமிஷம்தான், ஆனா வாந்தி வந்துடுச்சு. இப்போ புழு மனையில மேல் அடுக்குக்குத் தழை போட அண்ணாந்தாலும் வருது. மெடிக்கல்ல தலைசுத்து மாத்திரை வாங்கி ரெண்டு மாசமா போட்டுக்கிட்டிருக்கேன். அக்கா மகன் செல்போன்ல ஒரு வீடியோ காட்டினான், கட்டில் ஓரத்துல தலையைப் பின்னால தொங்கவிட்டுத் திருப்பினா சரியாயிடுமாம். மாமியார் வாதம் தலைக்கு ஏறிடுச்சு, பக்கத்து ஊர்ல சுளுக்கு வழிக்கிறவரைப் பாருன்னு சொல்றாங்க. வாரத்து மாத்திரையாலதான் இப்படி ஆகுதுன்னு வீட்டுக்காரர் நிறுத்தச் சொல்றார். என்ன செய்யட்டும்? சேலத்துக்கு பஸ்ல தனியா போகலாமா? கழுத்துப் பின்பக்கம் எப்பவும் பிடிச்சுக்கிட்டே இருக்கு, கைவிரல் சில நேரம் மரத்துப் போகுது. அது வாதம்தானே?"

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். தலைசுற்றலைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, கழுத்துப் பிடிப்பையும் விரல் மரத்துப்போவதையும் "அது வாதம்தானே" என்று ஒதுக்கிவிட்டீர்கள். எனக்கு முதல் கவலை அந்தக் கழுத்துதான். தலைசுற்றல் நீங்கள் சொல்கிற அடையாளங்களை வைத்துப் பார்த்தால் சுலபமாகத் தீரக்கூடிய வகையாகவே தெரிகிறது. அதைத் தீர்க்க யாராவது உங்கள் தலையைப் பிடித்துச் சாய்ப்பதற்கு முன்னால், கழுத்தெலும்பு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அதுவரை வீடியோவும் வேண்டாம், சுளுக்கு வழிப்பவரும் வேண்டாம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மண்டையோட்டுக்கு அடியில் முதல் கழுத்தெலும்பு ஒரு வளையம். இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை மேலே எழும்பி அந்த வளையத்துக்குள் நிற்கிறது. "வேண்டாம்" என்று நாம் தலையாட்டும்போது இந்த முளையைச் சுற்றித்தான் வளையம் திரும்புகிறது. முளை பின்னால் நகராதபடி ஒரு கெட்டியான நார் அதைக் குறுக்கே கட்டிப் பிடித்திருக்கிறது. அதற்கு அடுத்துப் பின்னால் ஓடுவது தண்டுவடம். முடக்குவாதம் விரல் மூட்டோடும் முழங்காலோடும் நிற்பதில்லை. அதே வீக்கம் இந்த இடத்திலும் வந்து நாரை நைந்துபோக வைக்கலாம். நார் தளர்ந்தால் தலை குனியும்போது முளைக்கும் வளையத்தின் முன்பக்கத்துக்கும் நடுவே இடைவெளி விரியும். பெரியவர்களுக்கு இந்த இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் நாங்கள் கவனமாகிவிடுவோம். அப்படிப்பட்ட கழுத்தை வேகமாகப் பின்னால் தொங்கவிட்டுத் திருப்பினாலோ, ஒருவர் நெட்டி முறிக்கிறேன் என்று ஒரு வெட்டு வெட்டினாலோ தண்டுவடம் நசுங்கும் ஆபத்து இருக்கிறது.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை ஆரம்பத்திலேயே கொடுக்கத் தொடங்கிய பிறகு இப்படிக் கழுத்து தளர்வது முன்பைவிடக் குறைந்திருக்கிறது. உங்களுக்கு இது இல்லாமலே போகலாம். ஆனால் பல வருட நோய், ஸ்டீராய்டு, பின்கழுத்து வலி, மரத்துப்போகும் கை ஆகிய நான்கும் ஒரே ஆளிடம் இருக்கும்போது பார்க்காமல் விட முடியாது. அந்த வீடியோவில் உள்ளவருக்கு முடக்குவாதம் இருந்ததா என்று உங்கள் அக்கா மகனுக்குத் தெரியாது, வீடியோ போட்டவருக்கு உங்களுக்கு இருக்கிறது என்றும் தெரியாது.

பார்ப்பதும் பெரிய செலவு இல்லை. சாதாரண எக்ஸ்ரே போதும், ஆனால் எடுக்கும் விதம் முக்கியம். நேராக உட்காரவைத்து ஒரே ஒரு படம் எடுத்தால் இடைவெளி ஒளிந்துகொள்ளும். பக்கவாட்டில் மூன்று படம் வேண்டும்: நேராக, குனிந்து, நிமிர்ந்து. குனிவதும் நிமிர்வதும் நீங்களாகவே, வலிக்காத அளவுக்கு மட்டும். எக்ஸ்ரே அறையில் யாராவது "இன்னும் கொஞ்சம் குனிங்கம்மா" என்று பின்தலையைப் பிடித்து அழுத்த வந்தால், கையை எடுக்கச் சொல்லுங்கள். சீட்டு எழுதும் மருத்துவரிடம் "முடக்குவாதம் இருக்கிறது, முதல் இரண்டு கழுத்தெலும்பும் தெரிய வேண்டும்" என்று சொல்லிவிட்டால் அவருக்குப் புரியும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இதை எடுத்துக்கொள்ளலாம். எலும்புப் பிரிவும் எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவும் அங்கேயே இருப்பதால் அலைச்சல் குறையும்.

கை மரத்துப்போவதற்கு வேறு எளிய காரணமும் இருக்கலாம். முடக்குவாதக்காரர்களுக்கு மணிக்கட்டு வீங்கி, அங்கே போகும் நரம்பு அழுந்துவது மிகச் சாதாரணம். அப்படியானால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் பக்கம்தான் மரக்கும், ராத்திரியில் தூக்கம் கலையும், கையை உதறினால் தேவலாம் போலிருக்கும். அதற்கு மாறாக இரண்டு கையும் சேர்ந்து மரத்தால், ஜாக்கெட் கொக்கி மாட்டவே விரல் தடுமாறினால், நடக்கும்போது கால் விறைத்து இழுத்தால், குனிந்தவுடன் முதுகில் ஷாக் அடித்த மாதிரி இறங்கினால், சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தால் அது கழுத்தில் தண்டுவடம் அழுந்துவதன் அறிகுறி. அப்போது எக்ஸ்ரேக்கு நாள் பார்க்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் இருப்பதால் அதையும் சொல்கிறேன். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, பிள்ளைகளின் பல்லில் கறையாகவே பார்த்திருப்பீர்கள். பல ஆண்டுகள் அதைக் குடித்தவர்களுக்கு எலும்பைக் கட்டியிருக்கும் நார்களில் சுண்ணாம்பு படிந்து கழுத்தும் முதுகும் இறுகும். வெளியே பார்த்தால் வாதம் மாதிரியே இருக்கும். முடக்குவாதத்தோடு இதுவும் சேர்ந்திருந்தால் கழுத்து ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தளர்ந்தும் இருக்கக்கூடும். எக்ஸ்ரேயைப் பார்ப்பவரிடம் எத்தனை வருடம் போர் தண்ணீர் குடித்தீர்கள் என்று சொல்லுங்கள். 2013இல் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் ஊருக்கு வருகிறது என்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்துவையுங்கள். போர் தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால், மிஞ்சியதில் அது கூடத்தான் செய்யும்.

இப்போது தலைசுற்றலுக்கு வருகிறேன்.

படுக்கையில் வலது பக்கம் புரண்டால், அல்லது அண்ணாந்தால் மட்டும் வருகிறது. சுற்றல் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது. காது கேட்பதில் குறை எதுவும் நீங்கள் எழுதவில்லை. இது அநேகமாக உள்காதில் கல் இடம் மாறியதால் வரும் தலைசுற்றல். உள்காதில் ஒரு பையில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், எல்லோருக்கும் உண்டு. பக்கத்தில் மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே நீர். சில துகள்கள் பையை விட்டுக் கழன்று, பெரும்பாலும் பின்பக்கக் குழாய்க்குள் விழுந்துவிடும். தலை சாயும்போது துகள் உருள்கிறது, நீர் அசைகிறது, உடம்பு சுழல்வதாக மூளைக்குப் பொய்த் தகவல் போகிறது. துகள் கீழே தங்கியதும் சுற்றல் நின்றுவிடும். ஐம்பதை நெருங்கும் பெண்களுக்கு இது அடிக்கடி வருவதுதான். வாதம் தலைக்கு ஏறிவிட்டது என்று மாமியார் பயப்படத் தேவையில்லை.

ஆனால் உங்கள் நோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எலும்பு தேய்ந்தவர்களுக்கும் வைட்டமின் டி குறைந்தவர்களுக்கும் இந்தத் துகள் கழல்வது கூடுதலாக இருக்கிறது. வீக்கம், ஸ்டீராய்டு, வலியால் குறைந்துபோன நடமாட்டம் எல்லாம் சேர்ந்து எலும்பைக் கரைக்கின்றன. தென்கொரியாவில் சுமார் ஆயிரம் பேரைச் சேர்த்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்தபோது இந்தத் தலைசுற்றல் திரும்ப வருவது ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. எனவே ரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பாருங்கள். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் உங்களுக்குத் தேவையா என்று சேலத்து டாக்டரிடம் கேளுங்கள், மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போடுபவர் கேட்பதில் தப்பே இல்லை. பாலில் கலந்து குடிக்கும் 60,000 யூனிட் பொடியைக் கடையில் நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் சாப்பிட வேண்டாம், அது அளவு மீறினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேழ்வரகுக் களியை மட்டும் யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. "வாதத்துக்குக் களி ஆகாது" என்று இங்கே ஒரு பேச்சு உண்டு, நான் அதை ஒப்புக்கொள்வதில்லை.

மருத்துவம் என்ன? அரிசியில் கல் அரிக்கும்போது பாத்திரத்தைச் சாய்த்துச் சாய்த்துக் கல்லை ஒரு பக்கம் ஒதுக்குவீர்களே, அதேதான். தலையை ஒரு வரிசையில் சாய்த்து, துகளைக் குழாயிலிருந்து உருட்டி, பழைய பைக்கே கொண்டுசேர்ப்பது. வீடியோவில் காட்டியது எப்ளி என்ற மருத்துவர் கொண்டுவந்த முறை. நல்ல முறை. கழுத்து நன்றாக இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சுற்றல் நின்றுவிடுகிறது. அதில் தலை கட்டிலுக்கு வெளியே பின்னால் தொங்குவதுதான் உங்களுக்கு ஒத்துவராதது.

உங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கண்டுபிடிக்கும் பரிசோதனையையே மாற்றிச் செய்வோம். கட்டில் நடுவில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, முகத்தை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லி, உடம்பு முழுவதும் ஒன்றாக வலது தோளின் மேல் சாயும்படி படுக்கவைப்போம். கழுத்து தனியாக வளையாது. சில நொடிகளில் கருவிழி சுழன்று துடித்தால், எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரிந்துவிடும். அதனால் சுற்றல் வந்தாலும் கண்ணை இறுக மூடாதீர்கள், எங்களுக்குப் பார்க்க வேண்டியதே அதுதான். அடுத்து செமோன் முறை. வலப்பக்கம் சாய்ந்திருப்பவரை அப்படியே தூக்கி, முகம் திரும்பிய நிலை மாறாமல், இடப்பக்கம் சாய்ப்பது. இதிலும் கழுத்து பின்னால் மடங்குவதில்லை, ஆனால் வேகம் வேண்டும். தோள், இடுப்பு மூட்டில் வலி இருப்பவரை ஒருவர் மட்டும் பிடித்துச் செய்ய முடியாது, இரண்டு பேர் வேண்டும். சில இடங்களில் கட்டிலின் தலைப்பக்கத்தையே தாழ்த்தி, உடம்பு மொத்தமும் சரியும்படி வைத்து எப்ளியைச் செய்வார்கள். எது உங்களுக்கு என்பதை எக்ஸ்ரே சொல்லும். கழுத்து தளர்ந்திருப்பது தெரிந்தால், எலும்பு மருத்துவர் சொல்லும்வரை எதையும் செய்ய மாட்டோம். துகள் பல பேருக்குச் சில வாரங்களில் தானாகவே கரைந்தும் போகிறது, அதுவரை அண்ணாந்து பார்க்காமல் சமாளிப்பதும் ஒரு வழிதான்.

இரண்டு மாதமாக நீங்கள் போடும் மாத்திரையின் அட்டையைப் பாருங்கள். பீட்டாஹிஸ்டின் என்றால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் துகளை அது நகர்த்தாது. ஆஸ்துமாவோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் அதுவும் ஒத்துக்கொள்ளாது, வலி மாத்திரை நிறையப் போட்டிருந்தால் வயிற்றுப் புண் இருக்க வாய்ப்பு அதிகம். சின்னரிசைன் அல்லது புரோகுளோர்பெரசைன் என்று போட்டிருந்தால் கதை வேறு. இவை வாந்தியோடு கூடிய கடுமையான சுற்றலுக்கு இரண்டு மூன்று நாள் போடுவதற்கானவை. மாதக்கணக்கில் போட்டால் மந்தமாக்கும், மூளை தானாகச் சமநிலையைத் திரும்பக் கற்றுக்கொள்வதைத் தடுக்கும், வயதானவர்களுக்குக் கைநடுக்கம் உடல் விறைப்பைக்கூடக் கொண்டுவரும். மருந்துக்கடைக்காரர் "தலைசுத்தா? இந்தாங்க" என்று எடுத்துக் கொடுப்பது நம் ஊரில் நிற்கப்போவதில்லை, வாங்குபவர்தான் அட்டையைப் பார்க்க வேண்டும்.

வாரத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். மெத்தோட்ரெக்சேட் போட்ட மறுநாள் சிலருக்குக் குமட்டலும் தள்ளாட்டமும் இருக்கும், உண்மைதான். ஆனால் அது புரண்டு படுத்த நொடியில் வீட்டைச் சுற்றவைப்பதில்லை. காலண்டரில் மாத்திரை போட்ட நாளை ஒரு புள்ளியும் சுற்றல் வந்த நாளை ஒரு பெருக்கல் குறியும் போட்டுவையுங்கள். இரண்டும் ஒட்டி ஒட்டி வந்தால் சேலத்து டாக்டர் மாத்திரையை ஊசியாக மாற்றலாம், வேளையை மாற்றலாம். வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு நீங்களாக நிறுத்தினால் வாதம் கிளம்பும், அப்போது கழுத்துக்குத்தான் ஆபத்து. காலண்டரில் குறிப்பதில் இன்னொரு பயனும் உண்டு: தலைசுற்றிக் கிடக்கும் நாளில் போட்டோமா இல்லையா என்று குழம்பி இன்னொரு முறை போட்டுவிட மாட்டீர்கள். இந்த மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாளுக்குப் பதில் தினமும் போட்டு ரத்த அணுக்கள் குறைந்து உயிர் போனவர்கள் உண்டு.

ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்துவது அதைவிட அவசரமான ஆபத்து. பல மாதம் வெளியிலிருந்து கொடுத்துவந்ததால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து, சோர்ந்து, எழுந்தாலே கண் இருட்டும். வாந்தியில் காலை மாத்திரை வெளியே வந்துவிட்டால், அது தொடர்ந்தால், அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது என்ற தொந்தரவும் உங்களுக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, படுத்தபடி ஒருமுறையும் நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது தனிப் பிரச்சினை. ரத்தச்சோகைக்கு ஹீமோகுளோபினும் பார்த்துவிடலாம். மாதாமாதம் ரத்தம் எடுக்கிறீர்கள்தானே, அந்தத் தாளிலேயே இருக்கும்.

சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. திடீரென வந்த சுற்றல் நிற்காமல் மணிக்கணக்கில் ஓடுவது, அதோடு இரட்டையாகத் தெரிவது, பேச்சு குழறுவது, முகம் கோணுவது, விழுங்க முடியாமை, உட்கார்ந்தால்கூட ஒரு பக்கம் சரிவது, இதுவரை வந்திராத தலைவலி. இவை மூளைக்கு ரத்தம் தடைப்பட்டதாக இருக்கலாம், 108ஐ அழையுங்கள். முடக்குவாதம் இருப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன என்பதால் "பித்தம்தான், எலுமிச்சை கொடு" என்று வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. இன்னொன்று, ஒரு காதோ இரண்டு காதுமோ நாளுக்கு நாள் மந்தமானால், இரைச்சல் கேட்டால், கண்ணும் சிவந்து வலித்தால் உடனே எங்களிடம் வர வேண்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உள்காதையே தாக்கும் நோய் ஒன்று இருக்கிறது. அரிதுதான், ஆனால் முதல் சில நாட்களில் சிகிச்சை கிடைத்தால் கேட்கும் திறனைக் காப்பாற்ற வாய்ப்பு கூடும். காய்ச்சல் என்று எங்காவது ஊசி போடப் போனால், காதில் தொந்தரவு இருப்பதைச் சொல்லுங்கள். ஜென்டாமைசின் போன்ற சில ஊசிகள் உள்காதின் சமநிலையைக் கெடுக்கும்.

வீட்டையும் வேலையையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். காலையில் விழித்ததும் விருட்டென எழாமல், இடப்பக்கம் உடம்போடு புரண்டு, காலைக் கீழே இறக்கி, முழங்கையை ஊன்றி உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து எழுங்கள். விரல் மூட்டுக்கும் இதுவே நல்லது, உள்ளங்கையை ஊன்றினால் மணிக்கட்டு கத்தும். கழிவறை வெளியே இருந்தால் ராத்திரியில் டார்ச்சும் துணையும் வேண்டும். கைத்தடி கொடுத்தால் வீங்கிய விரல் அதை இறுகப் பிடிக்காது. முன்கையைத் தாங்கும் வகை ஊன்றுகோல் கிடைக்கிறது, அல்லது பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளலாம். புழு மனையில் மேல் அடுக்கை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் இடுப்பு உயர அடுக்குகளோடு நில்லுங்கள். ஸ்டூல் மேல் ஏற வேண்டாம். சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவும் நாளில் அந்த நெடியில் குமட்டல் கூடும், அன்று உள்ளே போகாதீர்கள். கிணற்று மேட்டுக்கும் பண்ணைக்குட்டைக் கரைக்கும் தனியாகப் போகாதீர்கள். வண்டி ஓட்டுவது இப்போதைக்கு இல்லை.

தலைசுற்றலுக்குப் பயந்து நிறையப் பேர் கழுத்தை அசைக்காமல், தண்ணீர்க் குடம் சுமக்கிறவர் மாதிரி விறைத்துக்கொண்டு நடக்கப் பழகிவிடுகிறார்கள். திரும்ப வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்புவார்கள். சில வாரங்களில் தோளெல்லாம் இறுகி, கல் சரியான பிறகும் தள்ளாட்டம் போகாது. கழுத்து நன்றாக இருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்தவர் சொன்னதும் இந்த விறைப்பை உடைக்க வேண்டும்: சுவரோரம் நின்று, எதிரே ஒட்டிய காலண்டரின் ஒரு எண்ணைப் பார்த்தபடி முகத்தை மெதுவாக இடமும் வலமும் திருப்புவது, பிறகு நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றித் தூக்குவது. மூட்டு வீங்கிக் கிடக்கும் நாளில் உட்கார்ந்தே செய்யலாம், விட்டுவிட மட்டும் கூடாது. சொல்லிக்கொடுக்க இயன்முறை மருத்துவர் வேண்டும். 2021 ஆகஸ்டில் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைத்த "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் அவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் ஊர் செவிலியரிடம் பெயரைப் பதிந்துவையுங்கள். வருபவரிடமும் கழுத்து விஷயத்தை முதலில் சொல்லுங்கள், எக்ஸ்ரேயைக் காட்டுங்கள். எப்போதாவது அறுவை சிகிச்சை என்று போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இதே வார்த்தையைச் சொல்ல வேண்டும், குழாய் போட அவர் தலையைப் பின்னால் சாய்ப்பார்.

சேலம் பஸ்: எக்ஸ்ரே எடுக்கும்வரை தனியாக வேண்டாம். தொப்பூர் கணவாயில் வளைவைவிட எனக்குப் பயம் திடீர் பிரேக்தான். டிரைவருக்குப் பக்கத்தில் முன்வரிசையிலோ கடைசி வரிசையிலோ உட்காராதீர்கள், நடுவில், தலை சாய்க்க உயர்ந்த முதுகு உள்ள இருக்கையாகப் பார்த்து, எதிர்ச்சாலையைப் பார்த்தபடி வாருங்கள். செல்போன் பார்த்தால் குமட்டும். தூங்கவே தூங்காதீர்கள். தூக்கத்தில் தலை தொங்கி, பள்ளத்தில் பஸ் குதிக்கும்போது கழுத்து வெட்டி இழுக்கும், அதற்காகவாவது பேச்சுத் துணைக்கு ஒருவர் கூட வரட்டும். அடுத்த மாதச் சீட்டு தேதிவரை பொறுக்காமல் இந்த வாரமே தருமபுரியில் படம் எடுத்துவிட்டு, சேலத்து டாக்டருக்கு ஃபோன் செய்து கழுத்து வலியையும் கை மரத்துப்போவதையும் சொல்லுங்கள். போகும்போது ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் மூன்று ஃபிலிமையும் எடுத்துப் போங்கள், இடைவெளியை அவர் தானே அளந்து பார்க்க விரும்புவார்.